மொழி படிக்கும் பிள்ளைக்கு எந்த அகராதி?

(அறக்கட்டளை வளாகத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

சென்ற கூட்டங்களில் கல்லூரிச் சேர்க்கை பற்றியும் உதவித்தொகை விண்ணப்பம் பற்றியும் பேசினோம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைவிடச் சிறிய விஷயம். மின்னணு அகராதி. மூடினால் மூக்குக் கண்ணாடிக் கூடு போல் இருக்கும், திறந்தால் குட்டி மடிக்கணினி போல் இருக்கும். உள்ளே பத்து, இருபது, சிலவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கும். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் கல்வி உதவி கேட்டு எங்களிடம் வரும் மனுக்களில் இப்போது கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இவற்றோடு "மொழிப் படிப்புக்குக் கருவி வாங்க" என்ற ஒரு வரியும் சேர்ந்து வருகிறது. ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கும் தம்பி கேட்கிறார். ஜெர்மனிக்குச் செவிலியராகப் போக நினைக்கும் தங்கை கேட்கிறார். மதரஸாவில் ஓதி முடித்து, அரபியில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்க விரும்பும் தம்பியும் கேட்கிறார். மூவரும் கேட்கிற பொருள் ஒன்று. மூவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு.

நம் ஊரில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். மகன் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரம். "நல்ல மாணவர்கள் எல்லாரும் இதைத்தான் வைத்திருப்பார்கள்" என்று யாரோ சொல்ல, உம்மா தன் சங்கிலியை விற்று, தெரிந்தவர் மூலம் ஜப்பானிலிருந்தே ஒரு புதிய கருவியை வரவழைத்துக் கொடுத்தார். இருபத்தாறாயிரம் ரூபாய். பிள்ளை ஆசையாகத் திறந்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாம் ஜப்பானிய எழுத்து. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது திறக்கும் என்பதே தெரியவில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று தேடினால் அப்படி ஒரு வழியே அதில் இல்லை. கருவியில் பழுது ஏதும் இல்லை. விற்றவர் ஏமாற்றவும் இல்லை. அது வேறொருவருக்காகச் செய்யப்பட்ட பொருள், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொண்டால் இன்னொரு சங்கிலி மிஞ்சும் என்பதால்தான் இந்தக் கூட்டம்.

அந்த வேறொருவர் யார்? ஜப்பானின் பள்ளிப் பிள்ளை. இந்தக் கருவிகள் பிறந்து வளர்ந்த இடம் ஜப்பான். 1979இலேயே ஷார்ப் நிறுவனம் கையடக்கமான ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு கேசியோ, செய்கோ, கேனன் எல்லாம் இறங்கின. 2007ஆம் ஆண்டில் மட்டும் ஜப்பானில் ஏறக்குறைய 28 லட்சம் கருவிகள் விற்பனைக்குப் போயின. அதன் பிறகு ஸ்மார்ட்ஃபோன் வந்து சந்தை சுருங்கியது. செய்கோ 2015இல் இந்தத் தொழிலை விட்டே வெளியேறியது. இன்று பெயர் சொல்லும்படி இருப்பவை கேசியோவின் எக்ஸ்-வேர்டும் ஷார்ப்பின் பிரெய்னும்தான். இரண்டுக்கும் பெரிய வாடிக்கையாளர்கள் யாரென்றால், ஆங்கிலம் படிக்கும் ஜப்பானிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கோஜியென் என்று ஒரு ஜப்பானிய அகராதி, 1955இல் முதலில் வந்தது. 2018இல் வந்த ஏழாம் பதிப்பில் ஏறக்குறைய 2.5 லட்சம் சொற்கள். ஜப்பானியச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியிலேயே பொருள் சொல்வது. நம்முடைய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்து, ஜீனியஸ் என்ற ஆங்கிலம்-ஜப்பானிய அகராதி. ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஜப்பானியப் பொருள் வரும். ஆனால் அது ஆங்கிலம் தெரியாத ஜப்பானியருக்கு எழுதியது. ஒரு சொல்லுக்கு ஐந்து ஜப்பானியச் சொற்களை வரிசையாகக் கொடுக்கும். அந்த ஐந்தில் எதை எங்கே பயன்படுத்துவது என்று சொல்லாது. ஜப்பானியருக்கு அது தெரியும், சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை நம் வீடுகளில் எல்லாருக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். மக்தபில் ஓதும் பிள்ளைக்கு ஜபர், ஜேர், பேஷ் போட்ட எழுத்தைக் கொடுத்தால் ஓதும். ஹரகத் எதுவும் இல்லாத அரபிச் செய்தித்தாளைக் கொடுத்தால் திகைக்கும். ஜப்பானிய மொழியிலும் அப்படித்தான். ஹிராகானா, கதகானா என்று 46, 46 அடிப்படை எழுத்துகள் உண்டு. அவற்றை ஒரு மாதத்தில் படித்துவிடலாம். அவற்றுக்கு மேல் கான்ஜி என்னும் சித்திர எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. ஒரே கான்ஜிக்குப் பல உச்சரிப்புகள் உண்டு. பிறப்பு, உயிர், பச்சை என்ற பொருள்களைத் தாங்கி நிற்கும் ஒரு எழுத்து, சேரும் இடத்தைப் பொறுத்து செய் என்றும் ஷோ என்றும் நாமா என்றும், இன்னும் பல விதமாகவும் ஒலிக்கும். தொடக்க மாணவருக்காக அந்தக் கான்ஜியின் தலைக்கு மேல் சிறிய எழுத்தில் உச்சரிப்பை அச்சிடுவார்கள். அதற்கு ஃபுரிகானா என்று பெயர். வேலையைப் பொறுத்தவரை அதுதான் அங்கே ஹரகத். ஜப்பானியருக்கென்று செய்த கருவியில் விளக்கத்துக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கும் பெரும்பாலும் இந்த ஃபுரிகானா இருக்காது. ஒரு சொல்லின் பொருளைத் தேடிப் போன பிள்ளை, விடையில் இருக்கும் நான்கு எழுத்துகளைப் படிக்கத் தெரியாமல், அந்த நான்கையும் தனித்தனியே தேட வேண்டியிருக்கும்.

முன்பு கேனன் நிறுவனத்தின் வேர்ட்டேங்க் வரிசையில் சில கருவிகளில் பட்டியலை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. வெளிநாட்டு மாணவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். இப்போது அது புதிதாக வருவதில்லை. பழைய புத்தகத்திலோ பழைய பேச்சிலோ அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, ஜப்பானியக் கருவி எல்லாவற்றிலும் அந்த வசதி இருக்கும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

அப்படியானால் இந்தக் கருவி யாருக்குமே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. ஓரளவு படித்தேறிய மாணவருக்கு இதைப் போல் துணை வேறு இல்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். அதில் இருப்பவை ஆசிரியர் குழு வைத்துத் தொகுத்து, பதிப்பாளர் பொறுப்பேற்று வெளியிட்ட நூல்கள். யாரோ எங்கோ எழுதி வைத்த பொருள் அல்ல. தெரியாத கான்ஜியைக் கண்ணால் பார்க்கிறோம், உச்சரிப்புத் தெரியாது. அச்சு அகராதியில் அதைத் தேட அந்த எழுத்தின் உறுப்பைக் கண்டுபிடித்து, கோடுகளை எண்ணி, அட்டவணையில் போய்ப் பார்க்க வேண்டும். இதில் குச்சியால் திரையில் எழுதிக் காட்டினால் போதும். மனிதன் என்ற உறுப்புக்குப் பக்கத்தில் மரம் என்று எழுதினால் "ஓய்வு" என்று வந்து நிற்கும். (மரத்தடியில் சாய்ந்திருக்கும் மனிதன் ஓய்வு. அழகான எழுத்து அது.) விளக்கத்தில் இன்னொரு தெரியாத சொல் வந்தால் அதன் மேல் கை வைத்து அங்கேயே தாவிக்கொள்ளலாம். தேடிய சொற்கள் எல்லாம் வரிசையாகச் சேமிப்பில் இருக்கும். பல கருவிகளில் சாதாரண பென்சில் செல் போட்டால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், நடுவில் யாரும் அழைக்க மாட்டார்கள், வீடியோ வராது. தாய்மார்களுக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றலாம்!

ஜப்பானிய மொழித் தேர்வு என்-5இல் தொடங்கி என்-1இல் முடிகிறது. ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையும் அதற்கு ஒரு மையம். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போக என்-4 அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்வும், அதோடு பராமரிப்புத் துறைக்கான ஜப்பானிய மொழித் தேர்வும் தேவை. என்-5, என்-4 படிக்கும் பிள்ளைக்குத் தனிக் கருவி வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பாடப்புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொற்பட்டியலே அந்தக் கட்டத்துக்குப் பாதித் தேவையைத் தீர்த்துவிடும். என்-3 முடித்து, ஜப்பானிய விளக்கத்தை ஜப்பானிய மொழியிலேயே மெல்லப் படிக்க முடிகிற நிலை வரும்போது வாங்கலாம். அப்போதும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஜப்பானில் புதியது ஏறக்குறைய 20,000 யென்னிலிருந்து 50,000 யென் வரை போகும். அதே கருவி, இரண்டு மூன்று ஆண்டுப் பழையது, அங்குள்ள பழம்பொருள் கடைகளில் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கும். அகராதி இரண்டு ஆண்டில் பழசாகிவிடாது. வேலைக்கென்று போகிற தம்பி, போன பிறகு அங்கேயே முதல் சம்பளத்தில் வாங்கிக்கொள்வதுதான் எல்லா வகையிலும் லாபம். இங்கிருந்து கடன் வாங்கி, ஆள் பிடித்து, வரவழைத்து, மறுபடியும் அதே ஜப்பானுக்கு எடுத்துப் போவானேன்?

அதுவரைக்கும் என்ன செய்வது? ஒரு தாயார் கேட்டார், "ஃபோனில்தான் எல்லாம் வருகிறதே, அது போதாதா?" போதும். ஆனால் எந்த ஃபோன், அதில் எது என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் என்பவர் 1991இல் ஜப்பானிய-ஆங்கில அகராதிக் கோப்பு ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினார். உலகம் முழுவதிலுமிருந்து பலர் சேர்ந்து வளர்த்து, இன்று அது 2 லட்சம் சொற்களைத் தொட்டிருக்கிறது. ஜேஎம்டிக்ட் என்று பெயர். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஃபோனில் கிடைக்கும் ஜப்பானிய அகராதிச் செயலிகள் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை. ஆண்ட்ராய்டில் டகோபோடோ என்ற செயலி அப்படிப்பட்டது. இணையம் இல்லாமலும் வேலை செய்யும், காசு கிடையாது. இது வெளிநாட்டாருக்கென்றே எழுந்த அகராதி. பொருள் ஆங்கிலத்தில் இருக்கும், உச்சரிப்பும் கூடவே இருக்கும். தொடக்க மாணவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கருவியைவிட இது பொருத்தம் என்று துணிந்து சொல்லலாம்.

இன்னொரு வசதியும் இதில் உண்டு. தமிழில் "போனான்" என்ற சொல்லை அகராதியில் தேட வேண்டுமானால் "போ" என்று தேட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். தமிழ் புதிதாகப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஜப்பானிய வினைச்சொல்லும் அப்படியே வால் மாறிக்கொண்டே இருக்கும். இத்தே என்று ஒரு வடிவம் காதில் விழுகிறது. அது இகு, அதாவது போ என்பதிலிருந்தும் வரலாம். இயு, அதாவது சொல் என்பதிலிருந்தும் வரலாம். பராமரிப்பு இல்லத்தில் ஒரு பாட்டி அந்தச் சொல்லைச் சொன்னால், போகச் சொல்கிறாரா, ஏதாவது சொல்லும்படி கேட்கிறாரா? கோஜியென் போன்ற அகராதியில் மூல வடிவம் தெரிந்தால்தான் தேட முடியும். ஃபோன் செயலிகள் பலவற்றில் மாறிய வடிவத்தை அப்படியே தட்டினாலும் இரண்டு மூலங்களையும் எடுத்துக் காட்டும். புதியவருக்கு இது பெரிய உதவி.

ஃபோனைப் பற்றி வாப்பாமார்களுக்கு இருக்கும் பயமும் எங்களுக்குத் தெரியும். "படிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அலமாரியில் ஒரு பழைய ஃபோன் கிடக்கும். ஓரம் கீறியிருக்கும், கேமரா மங்கியிருக்கும். அதைத் துடைத்து, சிம்மை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, இணையம் இல்லாமல் இயங்கும் அகராதியை மட்டும் ஒருமுறை இறக்கி வைத்துவிடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிடுங்கள். காசு செலவில்லாமல் ஒரு மின்னணு அகராதி தயார். எங்கள் குழுவில் உள்ள இளைஞர்களிடம் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் செய்து தருவார்கள்.

இப்போது வேறொரு பொருளும் அகராதி என்ற பெயரில் விற்கிறது. சோப்பு டப்பா அளவில் இருக்கும். நாம் பேசினால் அது வேறு மொழியில் பேசும். அது அகராதி அல்ல, வழிப்போக்கருக்கான மொழிபெயர்ப்புக் கருவி. பெரும்பாலானவற்றுக்கு இணைய இணைப்பு வேண்டும். விமான நிலையத்தில், மருந்துக் கடையில் உதவும். படிக்கிற பிள்ளைக்கு வேண்டாம். முழு வாக்கியத்தையும் சமைத்துத் தட்டில் வைத்துவிடும், அரிசி எது பருப்பு எது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். தேர்வு அறையில் அகராதியும் கிடையாது, ஃபோனும் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்களுக்குப் பிடித்த விஷயம். மேலே சொன்ன எந்தக் கருவியிலும் தமிழை எதிர்பார்க்க வேண்டாம். நம் பிள்ளை ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து மனத்துக்குள் தமிழுக்கும் என்று இரண்டு ஆறு தாண்ட வேண்டியிருக்கிறது. நடுவில் நனைவது உண்டு. குரெரு என்று தேடினால் "கொடு" என்பதற்கான ஆங்கிலச் சொல் வரும். அகெரு என்று தேடினாலும் அதே ஆங்கிலச் சொல் வரும். இரண்டும் ஒன்று என்று பிள்ளை எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் முன்னது பிறர் எனக்குக் கொடுப்பது, பின்னது நான் பிறருக்குக் கொடுப்பது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு தொலைந்துவிடுகிறது. தமிழில் இது தொலையவில்லை. "எனக்குத் தா" என்கிறோம், "அவனுக்குக் கொடு" என்கிறோம். தருவதும் வருவதும் தன்மை முன்னிலையைச் சேர்ந்தவை, கொடுப்பதும் செல்வதும் படர்க்கையைச் சேர்ந்தவை என்று தொல்காப்பியமே வகுத்து வைத்திருக்கிறது. முழுக்கப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தைவிட நெருக்கம். வாக்கிய அமைப்பிலும் அப்படித்தான். நான் பள்ளிக்குப் போகிறேன் என்பதை அதே வரிசையில் சொல்லுக்குச் சொல் ஜப்பானியத்தில் வைத்துவிடலாம். ஆகவே கருவி எதுவானாலும் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேடிய சொல்லுக்கு ஆங்கிலப் பொருளை எழுதி நிறுத்தாமல், அதன் எதிரே தமிழில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். தமிழையே அரபி எழுத்தில் எழுதி, அதற்கென்று புதிய எழுத்துகளையும் சேர்த்துக்கொண்ட அரபுத்தமிழ் மரபில் வந்தவர்கள் நாம். ஜப்பானிய ஒலியைத் தமிழில் எழுதிக்கொள்வது நமக்கு அந்நியமான வேலை இல்லை.

ஜெர்மன் படிக்கும் தங்கைகளுக்கு வருகிறோம். ஜெர்மனுக்குத் தனிக் கருவி வேண்டியதே இல்லை. எழுத்துத் தெரிந்தது, தட்டித் தேடலாம். அங்கே அகராதியில் பார்க்க வேண்டியது வேறு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் டேர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒரு முன்சொல் உண்டு. அதையும் பன்மை வடிவத்தையும் காட்டாத அகராதி எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். டேர் ஸே என்றால் ஏரி, டீ ஸே என்றால் கடல். முன்சொல் மாறினால் பொருளே மாறுகிறது. ஆங்கிலம் மாதிரி இருக்கிறதே என்று ஊகிக்கவும் கூடாது. ஆங்கிலத்தில் கிஃப்ட் என்றால் பரிசு. ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். மருத்துவமனையில் வேலை பார்க்கப் போகிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

வினைச்சொல்லில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நேமென் என்றால் எடு. அதன் முன்னால் ஒரு சிறு ஒட்டு வந்தால்: ஐன்நேமென் என்றால் மருந்து உட்கொள், அப்நேமென் என்றால் எடை குறை, அதுவே இரத்தம் எடுப்பதற்கும் வரும், ட்சூநேமென் என்றால் எடை கூடு. வாக்கியத்தில் வரும்போது அந்த ஒட்டு கழன்று வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருக்கும் நேமென்னை மட்டும் தேடிய பெண், நோயாளி மருந்தை எடுத்து வைத்திருக்கிறாரா, உட்கொண்டாரா என்று குழம்புவார். எனவே நேமென் என்று தேடினால் இந்த ஒட்டுச் சொற்களையும் சேர்த்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டுகிற அகராதியாக இருக்க வேண்டும். டிக்ட்.சிசி போன்றவற்றின் சொற்பட்டியலை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். சொற்கள் ஏராளம் கிடைக்கும். ஆனால் அது பட்டியல்தான். விளக்கத்துக்கும் எடுத்துக்காட்டுக்கும் மாணவர்களுக்கென்று அச்சிட்ட ஒரு நல்ல ஜெர்மன்-ஆங்கில அகராதி மேசையில் இருக்க வேண்டும். அதற்கு உதவி கேட்டு மனு கொடுங்கள், மகிழ்ச்சியாகப் பரிசீலிப்போம்.

அரபியைப் பற்றி இந்த அவையில் நிறையச் சொல்ல வேண்டியதில்லை; நன்கு ஓதியவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். ஒன்று மட்டும். அரபி அகராதிகளில் இரண்டு வகை. ஒன்று வேர்ச்சொல் வரிசை. ஹான்ஸ் வேரின் அகராதி அந்த வகை. அதன் ஆங்கிலப் பதிப்பு 1961இல் வந்தது. முஸ்தஷ்ஃபா, அதாவது மருத்துவமனை என்ற சொல் மீமில் தொடங்குகிறது. ஆனால் அதை மீமில் தேடினால் கிடைக்காது. ஷீனில் தேட வேண்டும். நாம் வீட்டில் சொல்கிறோமே ஷிஃபா, அந்த வேரிலிருந்து வந்த சொல் அது. மற்ற வகை, சொல் எப்படித் தொடங்குகிறதோ அப்படியே அகர வரிசையில் வைப்பது. ரூஹி பஅல்பக்கியின் அல்-மவ்ரித் அரபி-ஆங்கில அகராதி அப்படிப்பட்டது. ஓதி முடித்த பிள்ளைக்கு முதல் வகை. ஒரு குடும்பச் சொல் முழுவதையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். வளைகுடா வேலைக்காகப் புதிதாக அரபி தொடங்கும் இளைஞருக்கு இரண்டாம் வகை. அவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டுமே எழுத்து அரபிக்கான அகராதிகள். கடையிலும் வேலைத்தளத்திலும் காதில் விழும் பேச்சு அரபி வேறு. அதற்கு அங்கே இருந்து வந்த மச்சான் ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதுதான் அகராதி.

எதை வாங்கினாலும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பிள்ளை இப்போது படிக்கும் பாடத்தையே கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். நன்றாகத் தெரிந்த ஒரு சொல், அந்த வாரம் தடுமாறிய ஒரு சொல், பாடத்தின் நடுவிலிருந்து வால் மாறிய ஒரு வினைச்சொல் என்று மூன்றை அந்தக் கருவியிலோ செயலியிலோ தேடட்டும். தெரிந்த சொல்லுக்கு அது சொல்லும் விளக்கம் பிள்ளைக்குப் படிக்கப் புரிகிறதா? தடுமாறிய சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதா? வால் மாறிய சொல் கிடைக்கிறதா? மூன்றாவது இல்லாவிட்டால் சமாளிக்கலாம். முதலாவது இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். சொல்லை ஒலித்துக் காட்டும் வசதி இருந்தால், அது மனிதர் பேசிப் பதிந்ததா, இயந்திரக் குரலா என்று கேளுங்கள். பழைய கருவி என்றால் மடிப்பின் இணைப்பு ஆடுகிறதா, செல் போடும் இடத்தில் பச்சைத் துரு பிடித்திருக்கிறதா, எழுதும் குச்சி இருக்கிறதா, திரையின் நான்கு மூலையிலும் எழுத்துப் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். "நூறு அகராதி இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் மயங்க வேண்டாம். அந்த நூறில் சமையல் குறிப்பும் பூக்களின் பெயர்களும் பயணக் கையேடும் சேர்ந்திருக்கும். பிள்ளைக்கு வேண்டியது இரண்டு அல்லது மூன்று.

இனி அறக்கட்டளையின் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். மொழிப் படிப்பின் முதல் ஆண்டில் கருவி வாங்க ரொக்க உதவி தருவதில்லை என்று கல்விக் குழு முடிவு செய்திருக்கிறது. அந்தத் தொகையைப் பாடப்புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் தருவோம், ரசீது வேண்டும். நம் படிப்பகத்தில் பழைய ஜப்பானியக் கருவிகள் இரண்டு இருக்கின்றன. சிம் இல்லாத ஃபோன்கள் மூன்றில் ஜப்பானியம், ஜெர்மன், அரபி அகராதிகளை இறக்கி வைத்திருக்கிறோம். பெற்றோர் கையெழுத்துப் போட்டு இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வேறு யாரும் கேட்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் நீட்டித்துத் தருவோம். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை பத்திலிருந்து லுஹர் வரை தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம், அப்போது பொறுப்பில் இருப்பவர்களும் சகோதரிகளே. வீட்டில் சும்மா கிடக்கும் ஃபோன், நீங்களோ பிள்ளைகளோ படித்து முடித்த அகராதிகள் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். பெறப்பட்டதற்குச் சீட்டுத் தருவோம்.

அந்த இருபத்தாறாயிரம் ரூபாய்க் கருவியைப் பற்றி இங்கே கேட்கிறீர்கள். அது இப்போது நம் படிப்பகத்தில் இருக்கும் இரண்டில் ஒன்றல்ல. அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. பையன் சென்ற டிசம்பரில் என்-5 எழுதினான். அடுத்தது என்-4க்குப் படிக்கிறான், டகோபோடோவை வைத்துக்கொண்டு. கருவியை விற்றுவிடட்டுமா என்று உம்மா கேட்டார்கள். வேண்டாம், செல்லை மட்டும் கழற்றி வைத்துவிட்டுக் கருவியைப் பத்திரமாக வையுங்கள், இரண்டு வருடத்தில் தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறோம்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பழைய ஃபோன் கொண்டுவந்திருப்பவர்கள் வலது பக்க மேசைக்கு வாருங்கள். சார்ஜர் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.